மேற்கோள்களால் ஆராய்ச்சியை அளத்தல்

ஒரு விஞ்ஞானியின் ஆராய்ச்சி எத்துணைப் பயன் தந்தது என்பதை அறிய அவருடைய கட்டுரைகளை எண்ணுவது மட்டும் போதாது. பிறர் அவற்றை எத்தனை முறை மேற்கோளாக எடுத்தாண்டனர், அவருடன் கூடி உழைத்தோர் யாவர் என்பனவும் நோக்கத்தக்கவை.

மேற்கோள் அட்டவணையை 1960களில் உருவாக்கியவர் அமெரிக்கரான யூஜீன் கார்ஃபீல்டு. 2005ஆம் ஆண்டில் ஹிர்ஷ் என்ற பௌதிக விஞ்ஞானி எளிய குறியீடு ஒன்றை வகுத்தார். ஒருவருடைய 10 கட்டுரைகள் தலா 10 மேற்கோள்களேனும் பெற்று, 11 கட்டுரைகள் தலா 11 பெறாதிருப்பின், அவரது குறியீட்டெண் 10 ஆகும்.

மும்பையில் செம்பூரை அடுத்த டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் நூலகப் பிரிவைச் சார்ந்தோர், 1994இல் சர் சி. வி. ராமனின் ஆராய்ச்சி வெளியீடுகளை எண்ணிக்கை முறையில் ஆராய்ந்து வெளியிட்டனர்.

இத்தகைய கணக்கின் எல்லையையும் ராமன் வரலாறே காட்டுகிறது. 1928இல் 'நேச்சர்' இதழில் வந்த புகழ்பெற்ற குறிப்பை அவர் கே. எஸ். கிருஷ்ணனுடன் சேர்ந்தே எழுதினார். 1930ஆம் ஆண்டின் நோபல் பரிசோ ராமன் ஒருவருக்கே வழங்கப்பெற்றது. இன்று ராமன் நிறமாலையைப் பயன்படுத்துவோர் பலர் அம்மூலக் குறிப்பை மேற்கோள் காட்டுவதில்லை. பெயர் நிலைபெற்றபின் மேற்கோள் குறைந்துவிடுகிறது. மேலும், துறைக்குத் துறை மேற்கோள் வழக்கம் வேறுபடும். தம் கட்டுரையைத் தாமே சுட்டி எண்ணிக்கையைப் பெருக்கிக்கொள்வோரும் உளர்.

பதவி உயர்வும் ஆராய்ச்சி நிதியும் இவ்வெண்களைக் கொண்டு முடிவு செய்யப்படும்போது, இக்குறைகள் அநீதியாக முடியக்கூடும். ஆகவே, கட்டுரையையே படித்து மதிப்பிடுமாறு 2012ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் வற்புறுத்தியது. களப்பணியாளர் திரட்டும் மழையளவும் மண் சோதனை முடிவுகளும் பெரும்பாலும் அவர்கள் பெயரின்றியே கட்டுரைகளில் இடம்பெறுகின்றன. அவ்வுழைப்பு எந்த மேற்கோள் அட்டவணையிலும் ஏறுவதில்லை என்பதை ஆசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துரைத்தல் நலம்.