முயல் கூண்டுக்கு முதல் தேவை நிழலும் காற்றும்
(வானொலி வேளாண் உரையிலிருந்து)



குழந்தைகள் ஆசைப்படுகிறார்கள் என்று ஒரு ஜோடி வெள்ளை முயல் வாங்கி வீட்டில் விடுகிறவர்கள் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் நிறையப் பேர். தை மாசத்தில் துள்ளி விளையாடுகிற முயல், சித்திரை பிறந்ததும் ஒருநாள் மத்தியானம் கூண்டில் செத்துக் கிடக்கும். "நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தது, என்ன நோவோ தெரியலையே!" என்பார்கள். பல சமயம் நோவு ஒன்றும் இருக்காது. கூண்டு வைத்த இடம்தான் காரணம்.

எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. மொட்டை மாடியில் தகரக் கொட்டகை. நிழல்தானே என்று கூண்டை அங்கே வைத்தேன். ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு மூன்று மணிக்குத் திரும்பினால், இரண்டில் ஒன்று சாய்ந்து கிடந்தது. காதைத் தொட்டால் சுட்டது. தகரம் வெயிலை மறைத்ததே தவிர, சூட்டை அப்படியே கீழே இறக்கிவிட்டது. இது எனக்கு அப்போது தோன்றவில்லை.

நம்மைப் போல முயலுக்கு வேர்த்துக் கொட்டாது. உடம்புச் சூட்டை வெளியே தள்ள அதற்கு இருக்கிற முக்கியமான வழி அந்த நீளக் காதுதான். காதில் ஓடுகிற ரத்தம் காற்றுப் பட்டுக் குளிர்ந்து உடம்புக்குத் திரும்பும். முயலின் உடம்புச் சூடு ஏறக்குறைய 39 டிகிரி செல்ஷியஸ். அக்கினி நட்சத்திரத்தில் திருச்சியில் 40 டிகிரி அடிப்பது நமக்குப் புதிதில்லை. சுற்றியிருக்கிற காற்றே உடம்பைவிடச் சூடாக இருந்தால் காது என்ன செய்யும், பாவம்! 30 டிகிரி தாண்டினாலே அது மூச்சு வாங்க ஆரம்பிக்கும். 35க்கு மேல் போனால் உயிருக்கே ஆபத்து.

வீட்டு முயலின் பூர்வீகம் ஸ்பெயின் பக்கம். அங்கே மண்ணில் வளை தோண்டி, வெயில் நேரம் முழுக்க உள்ளே படுத்துக் கிடந்துவிட்டு, அந்தியிலும் விடியலிலும்தான் மேய வரும். நம் தமிழ்நாட்டிலும் முயல் ஆராய்ச்சி நடக்கிற மத்திய நிலையம் கொடைக்கானல் மலையில், மன்னவனூரில்தான் இருக்கிறது. குளிர்ச்சி கேட்கிற பிராணியை நாம் காவிரிக் கரைக்குக் கொண்டு வந்து வளர்க்கிறோம். ஆகவே நாம் செய்கிற கூண்டு அந்த வளைக்கு ஈடாக இருக்கணும்.

எங்கே வைப்பது? ஸ்ரீரங்கத்துப் பழைய வீடாக இருந்தால் கவலையே இல்லை. வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் காற்று நேராக ஓடும். தாழ்வாரத்தில் மேல்வெயில் படாத ஓரமாக வைத்துவிடலாம். மற்றவர்கள் கீழ்த்தளத்தில் வடக்குப் பக்கம் பார்த்து வையுங்கள். கொல்லையானால் வேப்ப மரம், புங்க மரம் நிழலில் கீற்றுக் கூரை போடுங்கள். தகரம் ஏற்கெனவே போட்டாச்சு என்றால் அதன்மேல் கீற்றைக் கனமாகப் பரப்பிவிடுங்கள். இடம் சரியா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். மத்தியானம் இரண்டு மணிக்கு அந்த இடத்தில் நீங்களே அரைமணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். உங்களுக்குப் புழுங்கினால், ரோமம் போர்த்திய முயலுக்கு எப்படி இருக்கும்?

கூண்டு ஒரு முயலுக்கு 3 அடி நீளம், 2 அடி அகலமாவது வேணும். பின்னங்காலில் எழுந்து நின்றால் காது இடிக்காத உயரம் வையுங்கள். பக்கங்களுக்கு ஓர் அங்குலக் கம்பிவலை, அடிப்பக்கத்துக்கு அரை அங்குலக் கண்ணுள்ள வலை போதும். புழுக்கையும் மூத்திரமும் கீழே விழுந்துவிடும். ஆனால் நாள் முழுக்கக் கம்பிமேலேயே நின்றால் பின்னங்கால் பாதம் புண்ணாகும். பாதி இடத்துக்கு வழவழப்பான பலகை போட்டு, தினம் துடைத்து வையுங்கள். ஒரு மூலையில் இருட்டாகப் பதுங்க ஒரு மரப்பெட்டி வைத்தால், பூனையைக் கண்டு மிரளும்போது ஓடி ஒளிய வசதி. கூண்டின் காலை நீர் விட்ட கொட்டாங்கச்சியில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. அந்த நீரில் கொசு முட்டையிடும், அடிக்கடி மாற்றணும். கீழே சேருகிற குப்பையையும் தினம் வாரிவிடுங்கள். மூத்திர நெடி முயலின் மூச்சுக்கு ஆகாது. மல்லிகைச் செடிக்கு நல்ல எரு.

கோடையில் மேற்குப் பக்கம் ஈரச் சாக்கு தொங்கவிடலாம், காற்று ஓடுகிற இடமாக இருந்தால் மட்டும். அடைசலான அறையில் அதுவே புழுக்கத்தைக் கூட்டிவிடும். மூடிபோட்ட பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து, துணி சுற்றி உள்ளே கிடத்தினால் முயல் தானாகவே அதன் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். குடிதண்ணீர் கனமான மண்சட்டியில் எப்போதும் இருக்கணும். தீவனத்தை விடிகாலையிலும் சாயங்காலத்திலும் போடுங்கள். புல்லும் வேலிமசாலும்தான் முக்கியம்; முட்டைக்கோஸ் இலையை அள்ளிப் போட்டால் வயிறு உப்பிக்கொள்ளும். ராத்திரியில் முயல் தன் மெத்துப் புழுக்கையைத் தானே தின்னும். அது வியாதி இல்லை, அதன் ஜீரண முறையே அப்படி.

முயல் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய், காதைச் சாதாரணத் தண்ணீரால் நனைத்து விசிறிவிட்டு, கால்நடை டாக்டரிடம் ஓடுங்கள். ஐஸ் தண்ணீரில் முக்கிவிடாதீர்கள்.

குட்டிக்காக வளர்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கோடை கழிந்தும் பெண் முயல் சினை பிடிக்கவில்லை என்றால் உடனே ஆணை விற்றுவிடாதீர்கள். வெயில் ஆணின் வித்தைக் கெடுத்திருக்கும். குளிர்ச்சியான இடத்தில் வைத்தால் இரண்டு மாசத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கூண்டு தயாரானதும் வயலில் அகப்பட்ட காட்டு முயலைப் பிடித்து அடைக்க நினைக்காதீர்கள். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். முயல் வளர்ப்பைப் பற்றி மேலும் கேட்க விரும்புகிறவர்கள் திருச்சி கொட்டப்பட்டில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்தை அணுகலாம்.