கல்வி ஆய்விற் கல்வித் தத்துவத்தின் எதிர்காலம்: வன்னியை முன்வைத்து ஒரு நோக்கு

கல்வித் தத்துவம் எமது பல்கலைக்கழகங்களிலும் கல்வியியற் கல்லூரிகளிலும் ஒரு பாடமாக நிலைத்திருக்கின்றது. பிளேட்டோ, ரூசோ, டூயி, தாகூர், காந்தி என்னும் பெயர்வரிசையும், இலட்சியவாதம், இயற்கைவாதம், பயன்கொள்வாதம் என்னும் கொள்கைவரிசையும் பரீட்சைக்காகப் பயிலப்படுகின்றன. ஆனால் ஆய்வென்று வரும்பொழுது வினாக்கொத்தும் புள்ளிவிபரமும் அட்டவணையுமே ஆய்வு எனக் கொள்ளப்படுகின்றன. தத்துவம் முதலாம் அத்தியாயத்தில் ஓரிரு மேற்கோள்களாகச் சுருங்கிவிடுகின்றது. இது எமக்கு மட்டும் உரிய நிலைமையன்று. ஆர். எஸ். பீற்றர்ஸ் முதலானோர் 1960களில் இலண்டன் கல்வி நிறுவகத்தில் இத்துறையை ஆசிரியர் கல்வியின் அடிப்படைகளுள் ஒன்றாக நிலைநிறுத்தினர். 1980களின் பின், பயிற்சித் திட்டங்கள் வகுப்பறைத் திறன்களையே முதன்மைப்படுத்தியபோது, அங்கும் அது ஓரங்கட்டப்பட்டது.

இத்துறைக்கு எதிர்காலம் உண்டா எனப் பொதுவில் விவாதிப்பதிலும், எண்கள் மாத்திரம் விடைதர இயலாத ஒரு சிக்கலை எடுத்து நோக்குவது பயனுடையது. வன்னி மாணவரின் பல்கலைக்கழக அனுமதி அத்தகையதொரு சிக்கலாகும்.

1970களின் தொடக்கத்தில் மொழிவாரித் தரப்படுத்தல் புகுத்தப்பட்டமையும், தமிழ்மொழிமூல மாணவர் மருத்துவம், பொறியியல் முதலிய துறைகளுக்கு உயர்ந்த புள்ளிகளைப் பெறவேண்டியிருந்தமையும் யாவரும் அறிந்தவை. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. இவ்விரண்டையும் ஒரே அநீதியின் இரு படிகளாகக் கூறுவது எமது அரசியல் எழுத்தில் வழக்கமாகிவிட்டது. கருத்துப் பகுப்பாய்வு இங்குதான் தேவைப்படுகின்றது. முன்னையது மாணவரை அவர் பரீட்சை எழுதிய மொழியால் வகுத்தது; கற்கும் சூழலின் குறைவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பின்னையது வாழிடத்தால் வகுத்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டு மாணவருக்கு இரண்டும் இழப்பாகவே அமைந்தன. விஞ்ஞான ஆசிரியரும் ஆய்வுகூடமும் அரிதாயிருந்த வவுனியா, மன்னார் மாவட்டங்களின் தமிழ், முஸ்லிம் மாணவருக்கோ இரண்டாவது ஏற்பாடு ஒரு வாயிலைத் திறந்தது. பாதிக்கப்பட்டோரும் பயனடைந்தோரும் ஒரே மொழியினராய் இருந்தமை எமது விவாதங்களில் உரிய கவனத்தைப் பெறவில்லை என்பதே எமது எண்ணம்.

அமெரிக்கத் தத்துவஞானி ஜோன் றோல்ஸ் நீதி பற்றிய தமது பெருநூலை வெளியிட்டது 1971இல் ஆகும். ஒத்த ஆற்றலும் ஒத்த முயற்சியும் உடையோர், பிறந்த இடம் எதுவாயினும், ஒத்த வாய்ப்பைப் பெறுதல் வேண்டும் என்பது அவர் கொள்கையின் ஒரு கூறு. கன்னங்கரா குழுவின் 1943ஆம் ஆண்டு அறிக்கையின் பின் எமது நாட்டில் அடிக்கடி உச்சரிக்கப்பட்ட ‘சம வாய்ப்பு’ என்னும் தொடரை இதனோடு ஒப்பிட்டு நோக்கலாம். கட்டணத்தை நீக்குதல் சம வாய்ப்பாகுமா? அன்றேல், நிரந்தர ஆசிரியர் இல்லாத பாடசாலையிற் பயின்ற பிள்ளையின் புள்ளியை வேறுவிதமாக வாசிப்பதும் அதன் பகுதியா? எத்தனை வினாக்கொத்துகளை நிரப்பினாலும் இதற்கு விடை கிடையாது.

இனி, ‘மாவட்டம்’ என்னும் அலகைக் கவனிப்போம். கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. முல்லைத்தீவு தனி மாவட்டமானது 1978இல். ஆகவே 1974ஆம் ஆண்டின் ஏற்பாட்டில், பரந்தனிலோ இரணைமடுக் குடியேற்றத்திலோ வாழ்ந்த விவசாயியின் பிள்ளை, குடாநாட்டின் புகழ்பெற்ற கல்லூரிகளின் மாணவரோடு ஒரே பட்டியலிற் போட்டியிட வேண்டியிருந்தது. நிருவாக வசதிக்காகக் கீறப்பட்ட எல்லையொன்று நீதியின் அலகாகிவிட்டது.

இன்றும் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் வரை அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் வரை மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் வரை கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் எனவே இடங்கள் பகிரப்படுகின்றன. வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சி மூன்றும் அப்பதினாறில் அடங்குவன. யாழ்ப்பாணமும் அவற்றுள் ஒன்று. வவுனியா நகரப் பாடசாலையின் மாணவரும், நெடுங்கேணிக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரின் மாணவரும் பட்டியலில் ஒருவரே. 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வந்து குடியேறி, காணி உரிமைக்காக நெடுங்காலம் காத்திருந்த குடும்பங்களின் பிள்ளைகளையும் அப்பட்டியல் தனித்துக் காட்டாது. ‘பின்தங்கியது’ மாவட்டமா, பாடசாலையா, குடும்பமா? இச்சொல்லின் பொருளைத் தெளிவாக்காது சேகரிக்கப்படும் தரவு, சொல்லின் மயக்கத்தையே அட்டவணையாக்கித் தருகின்றது.

‘திறமை’ என்னும் சொல்லும் இத்தகையதே. 2009 ஓகஸ்ற் மாதத்தில் வன்னி மாணவர் பலர் இடம்பெயர்ந்தோர் முகாம்களிலிருந்து உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றினர். பாடநூல்களையும், பலர் உறவினரையும் இழந்து சில மாதங்களே கழிந்திருந்தன. அவர்கள் பெற்ற புள்ளி எதனை அளந்தது? அறிவையா, ஆற்றலையா, தாங்குந்திறனையா? அளவையியலாளர் புள்ளியின் நம்பகத்தைக் கணிப்பர். அது எதன் அளவு என்னும் வினாவோ கணிப்புக்கு முற்பட்டது.

ஆகவே கல்வித் தத்துவம் தனிப்பாடமாக மாத்திரம் நின்று தன்னைக் காத்துக்கொள்ள முயலுமாயின் அது தேய்ந்துபோகும் என்றே கருதுகின்றோம். அதற்குரிய இடம் ஆய்வின் உள்ளேயே உள்ளது. 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகமும், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களும் இன்று இந்நிலத்திலேயே இயங்குகின்றன. அனுமதிப் பட்டியலை இங்கு ஆராய முற்படும் மாணவர், எத்தனை பேர் நுழைந்தனர் என எண்ணுவதற்கு முன், எவரை எவரோடு ஒப்பிடுவது நீதியானது என்பதற்கான தமது நியாயத்தை ஆய்வுமுறை அத்தியாயத்தில் எழுதுதல் வேண்டும். அந்த நியாயத்தையும், அட்டவணைகளைப் பரிசீலிக்கும் அதே கண்டிப்போடு, பரீட்சகர் பரிசீலித்தல் வேண்டும்.