ரி-56: அந்த ‘கடக்’ சத்தம் எங்கிருந்து வருகிறது?

கல்முனையில் வளர்ந்த என் வயதுக்காரருக்கு ரி-56 துப்பாக்கியின் பெயர் தெரிவதற்கு முன்னமே அதன் சத்தம் தெரியும். வெடிச் சத்தத்தைச் சொல்லவில்லை. சோதனைச்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி வரிசையில் நடக்கும்போது கேட்குமே, ‘கடக்’ என்று ஓர் உலோகச் சத்தம், அது.

அந்தச் சத்தம் வலப்பக்கம் இருக்கும் நீண்ட தகட்டு நெம்புகோலில் இருந்து வருகிறது. அது மேலே இருந்தால் விசை பூட்டப்பட்டிருக்கும், தூசி புகும் பிளவும் மூடியிருக்கும். ஒரு படி கீழே தள்ளினால் தொடர்வெடி. அடிவரை தள்ளினால் ஒற்றைவெடி. ஒற்றைக்கு முன்னால் தொடர்வெடி வருகிறது என்பதைக் கவனியுங்கள். படபடப்பில் ஒருவர் அரைவாசி தள்ளி நிறுத்திவிட்டால் அது எந்த நிலை என்று சொல்லத் தேவையில்லை. நிமிடத்துக்குச் சுமார் 600 ரவைகள் என்ற வேகத்தில், 30 ரவை கொண்ட மகஸின் மூன்று விநாடியில் காலி.

56 என்பது 1956. சோவியத்தின் ஏகே-47ஐ சீனா தன் நாட்டில் செய்யத் தொடங்கிய ஆண்டு. (நமக்கு அந்த ஆண்டு என்றால் தனிச்சிங்களச் சட்டமும் கல்லோயாக் கலவரமும்தான் நினைவுக்கு வரும்.) இரண்டையும் பிரித்தறிய முன்குறியைப் பாருங்கள். சீனத் துப்பாக்கியில் குறிமுள்ளைச் சுற்றி முழு வளையம் இருக்கும், ரஷ்யத் துப்பாக்கியில் வளையத்தின் மேற்பக்கம் திறந்திருக்கும்.

உள்ளே நடப்பது எளிமையானது. ரவை வெடித்துத் தலைக்குண்டு குழலில் ஓடும்போது, பின்னால் வரும் வாயுவில் கொஞ்சம் குழலின் மேலுள்ள சிறு துளையால் ஏறி ஒரு தண்டைப் பின்னே தள்ளுகிறது. தண்டும் அதனோடு இணைந்த கனத்த இரும்புத் துண்டும் சேர்ந்தே பின்னால் போகின்றன. அந்த ஓட்டத்தில் பூட்டுத்தலை திரும்பித் திறக்கிறது, வெற்றுக்கோது வெளியே பறக்கிறது, சுத்தியல் மடங்குகிறது. பிறகு சுருள்வில் எல்லாவற்றையும் முன்னே தள்ள, அடுத்த ரவை ஏறுகிறது. பாகங்களுக்கிடையே இடைவெளி தாராளம். நம் கடற்கரை மணலும் உப்புக் காற்றும் பட்டும் அது அவ்வளவு எளிதில் இறுகாததற்கு அதுவே காரணம்.

தலைக்குண்டு விநாடிக்கு 700 மீற்றருக்குச் சற்று மேல் போகும். அது ஒலியைப் போல இரு மடங்கு. “சத்தம் கேட்டா அந்தக் குண்டு தாண்டிப் பெயித்து எண்டு அர்த்தம் மகன்” என்று வாப்பா சொல்வார். எங்களைச் சமாதானப்படுத்தச் சொல்கிறார் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். கணக்குப் பார்த்தால் சரிதான். அடுத்த குண்டைப் பற்றி அவர் ஒன்றும் சொன்னதில்லை.

1980களில் இலங்கை இராணுவத்துக்கு வந்த இந்தத் துப்பாக்கி இராணுவத்தோடு நிற்கவில்லை. விசேட அதிரடிப்படையிடம் இருந்தது, ஊர்காவல் படையினர் சிலரிடம் இருந்தது, பறித்தெடுத்த புலிகளிடமும் இருந்தது. 1990 யூனில் கிழக்கின் பொலிஸ் நிலையங்கள் புலிகளின் கைக்குப் போனபோது அங்கிருந்த ஆயுதங்களும் கைமாறின. அந்த ஆண்டில் தமிழரும் முஸ்லிம்களும் மாறி மாறிச் செத்த இந்தக் கரையில், கிடக்கும் கோது ஒன்றை வைத்து ‘இன்னார்தான் சுட்டார்’ என்று சொல்ல முடியாது. சீனக் கோதின் அடியில் தொழிற்சாலை எண்ணும் ஆண்டும் பொறித்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு துப்பாக்கியின் குத்தூசியும் கொக்கியும் கோதில் தமக்கே உரிய கீறலை விடுகின்றன. கோதையும் துப்பாக்கியையும் சேர்த்து வைத்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். அதற்கு முதலில் யாராவது கோதைப் பொறுக்கி, இடமும் திகதியும் எழுதி வைத்திருக்க வேண்டும்.

நாங்களும் பொறுக்கினோம். சின்ன வயதில், வாயில் வைத்து விசிலடிக்க. இரும்புக் கோதுகள் என்பதால் உப்புக் காற்றில் சீக்கிரமே துருப்பிடித்துவிடும். பிறகு உம்மா கண்டால் வாங்கி எறிந்துவிடுவார்.