குழந்தையும் கிணறும்

கிணற்றங்கரையில் ஒரு குழந்தை தவழ்ந்து போகிறது. இன்னும் ஒரு முழம் போனால் உள்ளே விழுந்துவிடும். கண்டவன் எவனாயினும் அவன் நெஞ்சு பதறாதோ? பெற்றோரிடம் சலுகை பெறவா, ஊரார் மெச்சவா அவன் பதறுகிறான்? இல்லை. ஆகையால் மனித சுபாவம் நல்லதே என்றார், கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் சீன தேசத்தில் வாழ்ந்த மென்சியஸ். பதறுவான் என்றுதான் சொன்னார்; ஓடிப்போய்த் தூக்குவான் என்று சொல்லவில்லை! நன்மை வெறும் முளைதான். பேணாவிட்டால் கருகிவிடும் என்பது அவர் கொள்கை.

அடுத்த நூற்றாண்டில் ஸுன்ஸி இதை மறுத்தார். இவரும் கன்பூஷியஸ் வழி வந்தவரே. மனிதன் பிறவியிலேயே ஆசையும் பொறாமையும் உள்ளவன். கோணல் மரத்தை ஆவியில் வாட்டி நிமிர்த்துவதுபோல, கல்வியாலும் ஆசாரத்தாலும் அவனை நிமிர்த்த வேண்டும் என்றார். ஆனால் தெருவில் போகிறவன்கூட முயன்றால் ஞானியாகலாம் என்று சொன்னவரும் இவரே.

இவருடைய மாணாக்கர்கள் ஹான் பெய், லீ ஸு என்ற இருவரும் குருவின் பாடத்தில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார்கள் என்று தோன்றுகிறது. கல்வியைக் கைவிட்டுத் தண்டனையை நம்பினார்கள். லீ ஸு சின் சக்கரவர்த்தியின் முதன்மந்திரியானார். கி.மு. 213-இல் நூல்களை எரிக்க யோசனை கூறியவர் அவரே. கி.மு. 208-இல் அதே அரசாங்கம் அவருக்கும் மரண தண்டனை விதித்தது. கொலைக்களத்துக்குப் போகையில் அவர் தம் மகனைத் திரும்பிப் பார்த்து, மஞ்சள் நாயை அழைத்துக்கொண்டு நம் ஊர்க் கிழக்கு வாசலுக்கு வெளியே முயல் பிடிக்க இனி எப்போது போகப் போகிறோம் என்று ஏங்கினாராம். தந்தையும் மகனும் அழுதார்கள் என்று சரித்திராசிரியர் ஸுமா சியென் எழுதியிருக்கிறார்.