ஒரே சுவிட்சில் நான்கு நெட்வொர்க்: வி-லான் செய்யும் வேலை

ஒரு நடுத்தர மருத்துவமனையை எடுத்துக்கொள்வோம். பில்லிங் கவுன்டர், ஸ்கேன் அறை, சிசிடிவி கேமராக்கள், நோயாளிகளின் உறவினர்களுக்கான வைஃபை என எல்லாமே ஒரே சுவிட்சில் இணைந்திருக்கின்றன. காத்திருப்போர் அறையில் யாரோ திறக்கும் மடிக்கணினியில் வைரஸ் இருந்தால், அது பில்லிங் கணினி வரை பரவ வழி இருக்கிறது.

இதைத் தவிர்க்கப் பிரிவுக்கு ஒரு சுவிட்ச் வாங்கலாம் என்றுதான் முதலில் தோன்றும். சுவிட்ச் பெருகினால் கேபிளும் மின்செலவும் பெருகும். ஒவ்வொரு கருவியோடும் அட்டைப்பெட்டி, நுரைக்கட்டை, பிளாஸ்டிக் உறை, யாரும் பிரித்துப் பார்க்காத கையேடு ஆகியவையும் வந்து சேரும். இருக்கும் சுவிட்ச் 'மேனேஜ்ட்' ரகமாக இருந்து, போர்ட்டுகளும் போதுமானால், இத்தனையும் வேண்டியதில்லை. வி-லான் எனும் மெய்நிகர் நெட்வொர்க் அதே சுவிட்சைப் பல நெட்வொர்க்குகளாகப் பிரித்துவிடும்.

எப்படிப் பிரிகிறது?

நெட்வொர்க்கில் ஒரு கணினி இன்னொன்றைத் தேடும்போது, "இந்த ஐபி முகவரி யாருடையது?" என்று எல்லோரிடமும் கேட்கும். இந்தப் பொது அழைப்புக்கு பிராட்காஸ்ட் என்று பெயர். சாதாரண சுவிட்ச் அதை எல்லா போர்ட்டுகளுக்கும் அனுப்பிவிடும். வி-லான் அமைத்தபின், அழைப்பு அந்தந்தப் பிரிவுக்குள்ளேயே நின்றுவிடும். பில்லிங்குக்கு 10, ஸ்கேனுக்கு 20, கேமராவுக்கு 30, விருந்தினர் வைஃபைக்கு 40 என எண் கொடுத்து, ஒவ்வொரு போர்ட்டையும் உரிய எண்ணில் சேர்த்தால் போதும். இத்தகைய போர்ட்டுக்கு ஆக்ஸஸ் போர்ட் என்று பெயர்.

மேல்தளத்தில் இன்னொரு சுவிட்ச் இருந்தால் இரண்டுக்கும் இடையே நான்கு கேபிள் இழுக்க வேண்டாம். டிரங்க் போர்ட்டில் ஒரே கேபிள் நான்கையும் சுமக்கும். பல ஊர் மூட்டைகள் ஏறிய பார்சல் லாரியில் ஒவ்வொரு மூட்டையிலும் ஊர்ப்பெயர் ஒட்டியிருப்பதுபோல, ஒவ்வொரு தரவுப் பொதியிலும் வி-லான் எண் ஒட்டப்படுகிறது. 1998இல் வெளியான 802.1க்யூ தரநிலை இதற்கு 4 பைட் ஒதுக்குகிறது. அதில் எண்ணுக்குரியது 12 பிட். கிடைக்கும் 4,096 எண்களில் முதலும் கடைசியும் ஒதுக்கீட்டில் போக, 4,094 மீதமாகும்.

ரவுட்டரின் பங்கு

ஒரு வி-லானிலிருந்து இன்னொன்றுக்குத் தகவல் போக ரவுட்டரோ, லேயர்-3 சுவிட்சோ வேண்டும். ரவுட்டரின் ஒரே போர்ட்டில் வி-லானுக்கு ஒன்றாகத் துணை இடைமுகங்களை உருவாக்கி, தனித்தனி கேட்வே முகவரி கொடுப்பார்கள்: பில்லிங்குக்கு 192.168.10.1, விருந்தினருக்கு 192.168.40.1 என்பதுபோல.

பலரும் கோட்டை விடும் இடம் இது. தடைவிதி எதுவும் எழுதாவிட்டால் ரவுட்டர் தன்னிடம் உள்ள எல்லா வி-லான்களையும் ஒன்றோடொன்று இணைத்துவிடும். சுவிட்சில் பிரித்ததன் பாதுகாப்புப் பலன் பெரும்பாலும் போய்விடும். 40லிருந்து இணையத்துக்கு மட்டும் அனுமதி, 10, 20, 30க்கு அனுமதி இல்லை என்று அணுகல் பட்டியலில் எழுதியே ஆக வேண்டும்.

அமைக்கும் வரிசை

முதலில் வி-லான்களை உருவாக்கிப் பெயரிட வேண்டும். அடுத்து போர்ட்டுகளைச் சேர்த்து, டிரங்கில் தேவையான எண்களை மட்டும் அனுமதிக்க வேண்டும். எண் ஒட்டாமல் செல்லும் பொதிகளுக்கான நேட்டிவ் வி-லான் டிரங்கின் இரு முனைகளிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பயன்படாத போர்ட்டுகளை மூடிவிட வேண்டும். ரவுட்டரில் தடைவிதிகளை எழுதியபின், விருந்தினர் வைஃபையிலிருந்து பில்லிங் கணினிக்கு 'பிங்' கொடுத்துப் பதில் வரவில்லை என்று உறுதிசெய்ய வேண்டும். கடைசியாக அமைப்பைச் சேமிக்க வேண்டும். பல சுவிட்சுகளில் சேமிக்காத மாற்றங்கள் ஒரு மின்வெட்டோடு அழிந்துவிடும்.

வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால்

போர்ட்டுகள் தீர்ந்துவிட்டால் புதிய சுவிட்ச் தேவைதான். அப்போதும் பெட்டிக் குப்பையைக் குறைக்க வழி உண்டு. பேக்கிங்கில் பயன்படும் நுரையின் எடையை, 2019 நிதியாண்டோடு ஒப்பிட்டு 2025 நிதியாண்டுக்குள் 75 சதவீதம் குறைப்பதாக நெட்வொர்க் கருவி நிறுவனமான சிஸ்கோ இலக்கு வைத்தது. பத்து சுவிட்ச் வாங்கும் கல்லூரி, அவற்றை ஒரே பெரிய பெட்டியில் மொத்தமாகக் கட்டித் தரும்படி விற்பனையாளரிடம் கேட்கலாம். கூடுதல் பவர் கார்டும் அச்சிட்ட கையேடும் வேண்டாம் என்று ஆர்டரிலேயே எழுதலாம். கழற்றிய பழைய சுவிட்சைக் காயலான் கடைக்குப் போடாமல், பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிறுவனத்திடம் கொடுக்க வேண்டும்.

அலுவலகம், பள்ளி, மருத்துவமனை எதுவானாலும், அடுத்த சுவிட்சுக்கு ஆர்டர் போடும் முன் ரேக்கில் இருப்பதன் மாடல் எண்ணைப் பாருங்கள். அதில் வி-லான் வசதி இருந்தால், முதலில் அதைப் பயன்படுத்துங்கள். பணமும் மிஞ்சும், குப்பையும் குறையும், நோயாளியின் விவரமும் பாதுகாப்பாக இருக்கும்.