லெப்டொப் மெதுவாகத் திறக்கிறதா? புதிது வாங்க அவசரப்பட வேண்டாம்

அக்கரப்பத்தனையில், உயர்தரம் படிக்கும் பிள்ளையின் பாவித்த லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வரும் பெற்றோர் சொல்வது ஒன்றுதான்: "திறக்கவே பத்து நிமிடம் எடுக்குது, புதிது வாங்கச் சொல்றாங்க." கடன்பட்டு வாங்குமுன் இரண்டு இடங்களைப் பாருங்கள்.

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மெனேஜர் வரும். அதன் ஸ்டார்ட்அப் பகுதியில் தேவையில்லாதவற்றை நிறுத்துங்கள். அவை அழிந்துவிடாது. வைரஸ் தடுப்பில் மட்டும் கை வைக்காதீர்கள்.

அடுத்தது பெர்ஃபோமன்ஸ் பகுதி. திறந்து நெடுநேரமாகியும் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால், பெரும்பாலும் கோளாறு பழைய ஹார்ட் டிஸ்க்கில்தான். நிமிடத்துக்கு 5400 தடவை சுழலும் தட்டில், ஒரு முனை அங்குமிங்கும் ஓடித் தேடுகிறது. எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை. அதை மாற்றப் புதிய லெப்டொப்பின் விலையில் சிறு பகுதிதான் போகும்.

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது உண்மை. அது பாதுகாப்பு விஷயம். மெதுவாகத் திறப்பதற்கு அது காரணமல்ல.

மாற்றுமுன் பிள்ளையின் பாடக் குறிப்புகளைப் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். டிஸ்க்கில் 'டக் டக்' சத்தம் கேட்டால் அன்றைக்கே.