ஊர் கூடிக் கணக்குப் போடுதல்

விஞ்ஞான ஆராய்ச்சி என்றவுடன் வெள்ளை அங்கி அணிந்த அறிஞர்களும், கோடிக்கணக்கான ரூபாய் செலவில் எழுப்பப்பட்ட ஆய்வுக்கூடங்களுமே நம் கண்முன் தோன்றுகின்றன. வீட்டு மேசையில் கிடக்கும் ஒரு சாதாரணக் கணிப்பொறியும் அத்தகைய ஆராய்ச்சியில் பங்கு கொள்ள முடியும் என்பது நம்மில் பலர் அறியாத செய்தியாகும். தேர்த் திருவிழாவில் வடம் பிடிக்கும் ஆயிரம் பேரில் எவர் கையால் தேர் நகர்ந்தது என்று சொல்ல இயலாது. ஆனால் தேர் நகர்கிறது. அதே முறையில், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களின் கணிப்பொறிகள் ஓய்ந்திருக்கும் நேரத்தில் ஒரு பெரிய கணக்கைச் சிறு சிறு துண்டுகளாகப் பகிர்ந்து செய்வதே தன்னார்வப் பகிர்வுக் கணிப்பு எனப்படுவது. இது எவ்வாறு நடக்கிறது என்பதையும், நம் ஊர் வீடுகளில் இதை நிறுவினால் எங்கெங்கே சிக்கல் வருகிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

1999 மே மாதத்தில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தார் ‘செட்டி அட் ஹோம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கினர். பியூர்ட்டோ ரிக்கோ தீவில் இருந்த அரசிபோ வானொலித் தொலைநோக்கி பதிவு செய்த சமிக்ஞைகளில் வேற்றுலக அறிவுயிர்களின் அழைப்பு ஏதேனும் கலந்திருக்கிறதா என்று தேடுவது அதன் நோக்கம். 2020 மார்ச் 31-ஆம் நாளோடு அத்திட்டம் புதிய வேலை அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. அழைப்பு ஏதும் கிட்டவில்லை. ஆனால் அதன் வழியே பிறந்த முறை நிலைத்துவிட்டது. டேவிட் ஆண்டர்சன் என்பவர் தலைமையில் 2002-ல் அதே பல்கலைக்கழகத்தில் உருவாகத் தொடங்கிய ‘பாயிங்க்’ என்ற இலவச மென்பொருளைக் கொண்டு, எந்தத் திட்டத்துக்கு உழைப்பது என்பதை இன்று நாமே தேர்ந்தெடுக்கலாம். புற்றுநோய், பருவநிலை, அணுத்துகள், வானியல் எனப் பல துறைத் திட்டங்கள் இதில் இடம்பெற்று வந்துள்ளன.

இயற்பியல் மாணவர்களுக்கு நெருக்கமானது 2005-ல் தொடங்கிய ‘ஐன்ஸ்டைன் அட் ஹோம்’. லைகோ கருவிகளின் பதிவுகளிலிருந்து, வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன்கள் இடைவிடாது வெளியிடக்கூடிய ஈர்ப்பலைகளை இது தேடுகிறது. 2015 செப்டம்பர் 14 அன்று முதன்முதலாக ஈர்ப்பலையைப் பிடித்த அதே லைகோதான். அந்தக் கூட்டு ஆய்வில் சென்னையை அடுத்த சிறுசேரியிலுள்ள சென்னைக் கணிதக் கழகத்தாரும் பங்கு கொண்டவர்கள். மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ இந்தியா ஆய்வகத்தை அமைக்க 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை சுமார் 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்தது. ஆகவே இது எங்கோ கடல் கடந்து நடக்கும் காரியம் மட்டுமன்று.

இத்திட்டம் அரசிபோ தொலைநோக்கியின் பதிவுகளையும் அலசியது. 2010-ல் அதிலிருந்து ஒரு புதிய துடிவிண்மீன் அகப்பட்டது. நொடிக்குச் சுமார் 41 முறை தன்னைத்தானே சுற்றுவது அது. அதைக் கண்டவை அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு தம்பதியின் கணிப்பொறியும், ஜெர்மனியின் மாயின்ஸ் நகரில் இன்னொருவரின் கணிப்பொறியும் ஆகும். ஏன் இரண்டு? இதில்தான் இம்முறையின் உயிர்நாடி இருக்கிறது. முகம் தெரியாத ஒருவர் வீட்டு இயந்திரம் தரும் விடையை எந்த அறிஞரும் அப்படியே நம்பிவிட முடியாது. ஆகையால் ஒரே துண்டு வேலையை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு இயந்திரங்களுக்கு அனுப்பி, விடைகள் ஒத்துப்போனால்தான் ஏற்கிறார்கள். மாறுபட்டால் மூன்றாவது இயந்திரத்துக்கு அனுப்புகிறார்கள். தேர்வுத் தாளை இரு ஆசிரியர்கள் தனித்தனியே திருத்துவது போன்ற ஏற்பாடு இது. இதை மனத்தில் இருத்திக்கொண்டால், நம் இயந்திரத்தில் எது பழுது, எது பழுதன்று என்று பிரித்தறிவது எளிதாகிவிடும்.

இனி சிக்கல்களுக்கு வருவோம். நிறுவியவர்களில் பெரும்பாலோர் சொல்லும் குறை ஒன்றே: ‘போட்டேன், ஆனால் அது எதுவும் செய்யவில்லை.’ உடனே மென்பொருளை அழித்துவிட்டு மறுபடி நிறுவுகிறார்கள். அது வீண் வேலை. பாயிங்க் என்பது விருந்தாளியைப் போன்றது. வீட்டுக்காரர் இடம் கொடுத்தால்தான் அமரும். அது சும்மா இருக்கிறதென்றால், பத்தில் ஒன்பது தடவை நாம் போட்ட கட்டளைக்கு அது கீழ்ப்படிந்திருக்கிறது என்றே பொருள். எந்தக் கட்டளை என்பதை அறிய, ‘டூல்ஸ்’ பட்டியலின் கீழுள்ள ‘ஈவென்ட் லாக்’ என்னும் நிகழ்ச்சிப் பதிவைத் திறந்து பார்க்கவேண்டும். மருத்துவர் நாடி பார்ப்பதற்கு முன் மருந்து எழுதுவதில்லை. இந்தப் பதிவே நமக்கு நாடி.

அதில் ‘சஸ்பெண்டிங்’ என்று தொடங்கும் வரி இருந்தால், அதை ஒட்டியே காரணமும் எழுதியிருக்கும். ‘ஆன் பேட்டரிஸ்’ என்றால், மின்கலத்தில் ஓடும்போது கணிக்காதே என்பது மென்பொருளோடு வரும் வழக்கமான அமைப்பு. மடிக்கணினியைச் செருகித்தான் வைத்திருக்கிறேன் என்பீர்கள். சார்ஜரின் முனை தளர்ந்து, சற்று அசைந்தாலே மின்சாரம் விட்டுவிட்டு வரும் பழைய மடிக்கணினிகளில் இதுவே காரணமாக இருக்கும். குற்றம் கம்பியில், மென்பொருளில் அன்று. வேறு நிரல்கள் செயலியில் 25 விழுக்காட்டுக்கு மேல் எடுத்துக்கொண்டாலும் பாயிங்க் ஒதுங்கி நிற்கும். வைரஸ் தடுப்பு மென்பொருள் நாள் முழுதும் துழாவிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் அதற்கு முறையே வராது.

நினைவகத்துக்காகக் காத்திருப்பதாகவும் சில சமயம் காட்டும். தமிழக அரசு 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே வந்த பழைய இயந்திரங்கள் நம் பக்கத்து வீடுகளில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் அவற்றில் இருந்தது பலருக்கு நினைவிருக்கும். அக்காலத்து இயந்திரத்தில் 2 ஜி.பி. நினைவகம் என்பது சாதாரணம். ஒரே நேரத்தில் நான்கு துண்டு வேலைகளைத் திணித்தால் அது திணறத்தான் செய்யும். ஒன்று போதும். இன்னும் பழைய 32 பிட் அமைப்பாக இருந்தால், பல திட்டங்கள் அவ்வகைக்கு வேலையே தருவதில்லை. அதையும் பதிவு ஒளிக்காமல் சொல்லிவிடும்.

பலரையும் குழப்புவது வேறொன்று. விருப்ப அமைப்புகளை இரண்டு இடத்தில் மாற்றலாம்: திட்டத்தின் இணையப் பக்கத்திலும், நம் இயந்திரத்திலும். இயந்திரத்தில் ஒரு முறை எதையேனும் மாற்றிச் சேமித்துவிட்டால், அதன்பின் இணையப் பக்கத்தில் எதை மாற்றினாலும் இந்த இயந்திரம் காதில் போட்டுக்கொள்ளாது. ‘இரவில் மட்டும் ஓடு என்று கட்டளை கொடுத்தும் பகலிலும் ஓடுகிறதே’ என்று வியப்பவர்கள் இதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். நிரல் தொடங்கும்போது பதிவில் வரும் முதல் சில வரிகளிலேயே, எந்த அமைப்பைப் படித்தது என்று அது எழுதிவைக்கிறது.

வேலையே வரவில்லை என்பது அடுத்த குறை. திட்டத்தில் இப்போது வேலை இல்லை என்று பதிவு சொன்னால் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. 2020-ல் கொரோனாத் தொற்று பரவத் தொடங்கிய நாட்களில் ‘ஃபோல்டிங் அட் ஹோம்’ என்ற வேறொரு திட்டத்தில் உலகமே திரண்டு சேர்ந்தபோது, பங்கிட்டுத் தர வேலைத் துண்டுகள் போதாமல் தன்னார்வலர்களின் இயந்திரங்கள் காத்துக் கிடந்தன. 2004-ல் ஐ.பி.எம். நிறுவனம் தொடங்கிய ‘வேர்ல்ட் கம்யூனிட்டி கிரிட்’, 2021-ல் கனடாவின் கிரெம்பில் ஆராய்ச்சி நிலையத்துக்குக் கைமாற்றப்படுவதாக அறிவிக்கப்பட்டு, அம்மாற்றத்தின்போது 2022-ல் மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. தேரே நிலையில் நிற்கும்போது வடத்தை நாம் மட்டும் இழுத்துப் பயனில்லை. இன்னொரு திட்டத்திலும் சேர்ந்து வைத்தால் ஒன்று ஓய்கையில் மற்றொன்று ஓடும். ‘கம்யூனிகேஷன் டிஃபர்டு’ என்று நிமிடக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தாலும் கவலை வேண்டா. எல்லாரும் ஒரே நேரத்தில் கதவைத் தட்டாதபடி நிரல் தானாகவே பொறுத்துக் கேட்கும் முறை அது.

தேதியைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய மேசைக் கணிப்பொறிகளில், தாய்ப்பலகையில் உள்ள ரூபாய் நாணய வடிவச் சிறு மின்கலம் செத்திருப்பது வெகு சாதாரணம். மின்சாரம் போய் வந்தவுடன் இயந்திரத்தின் நாட்காட்டி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். அப்போது திட்டத்தின் சேவையகத்தோடு பாதுகாப்பான தொடர்பு ஏற்படாது, ஏனெனில் அதன் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று இயந்திரம் நினைக்கிறது! இணையம் இருக்கிறது, பாயிங்க் மட்டும் இணையவில்லை என்றால் திரையின் ஓரத்திலுள்ள கடிகாரத்தை ஒருமுறை பாருங்கள். சி.ஆர். 2032 என்று கேட்டால் கைக்கடிகாரக் கடையிலேயே அந்த மின்கலம் கிடைக்கும்.

மின்வெட்டு இன்னொரு தொல்லை. அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையமும், அருகே 1,500 மெகாவாட் வல்லூர் நிலையமும் புகை விட்டுக்கொண்டிருக்க, பொன்னேரியில் விசிறி நின்றுபோவது நமக்குப் பழகிப்போன வேடிக்கை. கணக்கு பாதியில் அறுந்தால் எல்லாம் பாழ் என்று அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலான நிரல்கள் அவ்வப்போது தம் நிலையை வட்டில் எழுதிவைக்கும். மின்சாரம் வந்ததும் கடைசியாக எழுதிய இடத்திலிருந்து தொடரும். 62 விழுக்காடு முடிந்திருந்தது 58-க்கு இறங்கினால் அது பழுதன்று. ஆனால் ஒவ்வொரு முறையும் சுழியத்திலிருந்தே தொடங்கினால், அந்தத் திட்டத்தின் துண்டுகள் நம் ஊர் மின்சாரத்துக்குப் பெரியவை. சிறிய துண்டு தரும் திட்டத்துக்கு மாறுவதே வழி.

இதுவரை சொன்னவற்றில் யாருக்கும் கேடில்லை. இயந்திரம் வேலை செய்யவில்லை, அவ்வளவே. உண்மையான பழுது, சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டே தவறான விடை அனுப்பும் இயந்திரத்தில்தான் இருக்கிறது. அதற்குப் பெரும்பாலும் வெப்பமே காரணம். கணிப்பு நிரல் செயலியின் எல்லா உட்கருக்களையும் முழு மூச்சில் ஓட்டும். கடிதம் தட்டச்சு செய்வது போன்ற இலேசான வேலை அன்று. கத்திரி வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ், மெத்தைமேல் வைத்த மடிக்கணினியை இப்படி ஓட்டினால் என்ன ஆகும்? பழவேற்காட்டுப் பக்கத்து உப்புக் காற்றும் புழுதியும் சேர்ந்து விசிறியின் பின்னுள்ள தகடுகளை அடைத்துவிட்டால் சூடு வெளியேற வழியே இல்லை. கொதிக்கும் இயந்திரம் சில சமயம் தானே அணைந்துவிடும், அது நல்லது. அணையாமல் எங்கோ ஓர் இலக்கத்தைப் பிசகிவிட்டு ஓடிக்கொண்டிருப்பதுதான் கெட்டது.

அதை நம் திரையில் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நம் திரை ‘முடிந்தது’ என்றுதான் சொல்லும். திட்டத்தின் இணையப் பக்கத்தில் நம் கணக்கைத் திறந்து, அனுப்பிய விடைகளின் நிலையைப் பார்க்கவேண்டும். ‘பெண்டிங்’ என்றால் இணையான மற்றவர் விடை இன்னும் வரவில்லை, பொறுத்திருக்கலாம். ‘வேலிட்’ என்றால் ஒத்துப்போயிற்று. ‘இன்வேலிட்’ என்பவை ஒன்றிரண்டுக்குமேல் தொடர்ந்து வந்தால், நம் வீட்டு இயந்திரம் உலகில் எங்கோ ஒருவரின் நேரத்தையும் மின்சாரத்தையும் வீணடிக்கிறது என்று பொருள். உடனே அமைப்பில் பாதி உட்கருக்களை மட்டும் பயன்படுத்தும்படி குறைத்து, விசிறியைத் தூசி தட்டி, கடினமான மேசைமேல் வைத்துப் பார்க்கவேண்டும். அதற்கும் அடங்காவிட்டால், நினைவகத் தகடு கெட்டிருக்கலாம். அந்த இயந்திரம் இப்பணிக்கு உதவாது. வேகம் பாதியானாலும் பிழையில்லாத விடையே விடை என்பது ஆய்வுக்கூடத்தில் நம் பேராசிரியர்கள் நாள்தோறும் சொல்வதுதான்.

செலவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 40 வாட் எடுக்கும் மடிக்கணினி நாளொன்றுக்கு 8 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 19 யூனிட்டுக்குச் சற்றே மேல். 100 வாட் எடுக்கும் பழைய மேசைக் கணிப்பொறி என்றால் 48 யூனிட். யூனிட் ஏற ஏற விலையும் ஏறும் கணக்கில் இது சிறிய தொகை அன்று. கட்டணம் கட்டுவது நாமல்ல, பெற்றோர். ‘இதுக்கு அவங்க என்ன தருவாங்க?’ என்று என் தாயார் கேட்டபோது, ‘ஒன்றும் தரமாட்டார்கள், புள்ளிதான் தருவார்கள்’ என்று சொல்லிவிட்டு, மேற்படி கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலில் உறங்கும் தந்தையார் இருக்கும் ஒற்றை அறை வீட்டில் விசிறிச் சத்தமும் ஒரு செலவே. இருவரும் சேர்ந்து விதித்த நேரம் மாலை ஆறு முதல் பத்து வரை. அதாவது மடிக்கணினிக்கு இரண்டு மாதத்தில் பத்து யூனிட்டுக்குள். கல்லூரி ஆய்வகக் கணிப்பொறியில் அனுமதி இல்லாமல் இதை நிறுவுவது திட்டங்களின் விதிகளுக்கே புறம்பானது என்பதையும் நண்பர்கள் அறிந்திருக்கவேண்டும்.

எந்தச் சிக்கலிலும் ‘ரீசெட் பிராஜெக்ட்’ என்ற பொத்தானை முதலில் அழுத்தாதீர்கள். கையிலிருக்கும் அரைகுறை வேலை அனைத்தையும் அது துடைத்தெறிந்துவிடும். அத்துண்டுகளை இன்னொருவர் தொடக்கத்திலிருந்து செய்ய நேரும். பருவத் தேர்வு நெருங்கி இயந்திரத்தை மூடிவைக்க நினைப்பவர்கள், கெடு நாளுக்குப் போதிய அவகாசம் இருக்கும்போதே ‘நோ நியூ டாஸ்க்ஸ்’ என்பதை அழுத்தி, இருக்கும் வேலையை முடித்து அனுப்பிவிட்டு அணைக்கலாம். தேர்வு முடிந்தபின் அதே பொத்தானை மறுபடி அழுத்தினால் வேலை வரத் தொடங்கும்.